தறி வீட்டு ராக்கியும் உறைய வைத்த காய் வில்லைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நாயும் வீடும்

நகரிக்கு முகவரி ஆந்திரா என்றாலும் வீட்டுக்குள் பேச்சு பாதிக்குப் பாதி தமிழ்தான். எங்கள் திருத்தணியும் 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். அதனால் எல்லைக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றைக்கும் விட்டுப்போகவில்லை. இந்த நிகழ்வு நடந்தது நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில், ஒரு விசைத்தறி வீட்டில். அந்த வீட்டு மருமகள் திருத்தணிப் பெண், எங்கள் தெரு. நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மாட்டுக்கு, ஆட்டுக்கு, நாய்க்கு எது வந்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். நான் டாக்டர் இல்லை, மருந்தும் எழுதுவதில்லை. டாக்டர் சொன்னதை வீட்டில் நடக்கிற காரியமாக மாற்றித் தருவதோடு சரி.

ராக்கி ஆண் லாப்ரடார். வயது ஐந்து. சித்திரை மாதம் எடை 41 கிலோ. அந்த எடையை எடுத்தது தறிக்கூடத்தில் நூல் நிறுக்கும் மேடைத் தராசில். நாயை உட்கார வைத்து எடை போட அதைவிட வசதியான சாதனம் கிடையாது. அதனால் பின்னால் வந்த கணக்குகளிலும் குழப்பமில்லை. டாக்டர் தடவிப் பார்த்தபோது விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை. மேலிருந்து பார்த்தால் இடுப்பு என்று ஒன்று தெரியவில்லை. ஒன்பது படி கொண்ட உடல்வாகு அளவில் எட்டு போட்டார். 32 கிலோ இருந்தால் போதும் என்றார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஆக, தின்றுதான் இந்த எடை.

ஆனால் வீட்டார் டாக்டரிடம் போனது எடைக்காக இல்லை. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. இந்தப் பக்கம் அப்போது 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். தறிக்கூடத்துக்குத் தகரக் கூரை வேறு. நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டே கிடந்தது. "வெயிலுக்கு ஏதாவது ஐஸ் கொடுக்கலாமா?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. பேத்தி ஏற்கெனவே தன் கப் ஐஸ்கிரீமில் பாதியை அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கொடுக்கும் கைகள்

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது: வேளைச் சாப்பாட்டைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

யார் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று மருமகளை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். பெரியவர் காலை டீக்கு நாலு மேரி பிஸ்கட், சாயங்கால டீக்கு நாலு. ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி, எட்டுக்கு 200. தறி ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொரு பன் துண்டு. பேத்தியின் ஐஸ்கிரீம். பாட்டி தோசை வார்க்கும்போது முதல் தோசை, "அது எப்படியும் சரியா வராது, அவனுக்குத்தான்". எல்லாம் கூட்டினால் 500 கலோரிக்குக் குறையாது. இத்தனைக்கும் வேளைச் சாப்பாடு தனி.

500 என்பது எவ்வளவு பெரிது என்று தெரிய ஒரு கணக்கு போட வேண்டும். நாய் ஓய்வாக இருக்கும்போது உடம்பு நடத்தத் தேவையான சக்தியைக் கால்நடை மருத்துவத்தில் இப்படிப் பார்ப்பார்கள்: கிலோவில் எடைக்கு 0.75 அடுக்கு (பவர்) போட்டு, வருவதை 70-ஆல் பெருக்குவது. 32 கிலோவுக்கு அது சுமார் 940 கலோரி. எடை இறங்க வேண்டிய நாய்க்கு, இலக்கு எடைக்கு வரும் அந்த எண்ணையே மொத்த நாள் சாப்பாடாக வைப்பது வழக்கம். அதில் தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 90 சொச்சம். இவர்கள் கொடுத்தது அதற்கு ஐந்து மடங்குக்கு மேல்.

ஏன் நிறுத்த முடியவில்லை என்று பெரியவரிடம் கேட்டேன். "நீங்க சொல்றது புரியுது. அது வந்து கால்ல தலையை வெச்சுப் படுத்துக்கிட்டு மேல பாக்குது பாருங்க, அப்போ டீ தொண்டையில இறங்க மாட்டேங்குது." இதற்கு என்ன பதில் சொல்வது? லாப்ரடார் பார்க்கும் பார்வைக்கு மரபணுவிலேயே காரணம் உண்டு. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட நாய்கள் எடை அதிகமாகவும் சாப்பாட்டின் மேல் ஆசை அதிகமாகவும் இருந்தன. ராக்கிக்கு அந்தச் சோதனை செய்யவில்லை. செய்திருந்தாலும் பெரியவர் பிஸ்கட்டை நிறுத்தியிருக்கப் போவதில்லை.

நாயின் பசியைச் சமாளிப்பதைவிட, கொடுக்காமல் இருக்க முடியாத நாலைந்து கைகளைச் சமாளிப்பதுதான் இங்கே வேலை என்று எனக்குப் பட்டது. கொடுப்பதை நிறுத்த முடியாது. கொடுக்கும் பொருளை மாற்றலாம். உறைய வைத்த காய் வில்லை அந்த இடத்தில்தான் உள்ளே வந்தது. பேத்தி ஏற்கெனவே "ஐஸ்" கேட்டுக்கொண்டிருந்ததும் வசதியாகப் போயிற்று.

வில்லை உருவான விதம்

மருமகள் முதலில் செய்தது ஒரு முழுக் கேரட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் கொடுத்தது. ராக்கி அதைக் கடகடவென்று கடித்து விழுங்கியது; மறுநாள் மலத்தில் ஆரஞ்சுத் துண்டுகள் அப்படியே வந்தன. நாய் மென்று தின்கிற பிராணி இல்லை. காயின் செல்சுவர் உடையாமல் உள்ளே போனால் அப்படியே வெளியே வரும். வேகவைத்து மசித்தால்தான் அதிலிருந்து ஏதாவது உடம்பில் ஒட்டும். இன்னொரு கவலை பல். கல் போல உறைந்ததைப் பின்பல்லால் கடிக்கும்போது மேல்தாடையில் பின்பக்கமுள்ள பெரிய பல் பக்கவாட்டில் பிளந்துபோவது உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், பதியாததை நாய் வாயில் கொடுக்காதே என்பது டாக்டர்கள் சொல்லும் எளிய சோதனை.

அடுத்தது ஐஸ் டிரே. மசித்த காயைக் குழிகளில் ஊற்றி உறைய வைத்தார்கள். ராக்கி ஒரு கட்டியை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததற்கு நின்றது. அந்த அளவுக் கட்டி தொண்டையில் சிக்கக்கூடியது, அதனால் அதையும் விட்டோம். இட்லித் தட்டில் செய்யலாமா என்று யோசனை வந்தபோது பாட்டி அடுப்படியை விட்டு எழுந்து வந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைசியில் நிலைத்தது இதுதான். ஓரம் வைத்த ஒரு பழைய எவர்சில்வர் தட்டு, நாய்க்கென்றே ஒதுக்கியது. சுரைக்காய் தோல் சீவி விதை நீக்கி 300 கிராம், பீன்ஸ் 100 கிராம், கேரட் 100 கிராம். உப்பு, மஞ்சள்தூள், தாளிப்பு எதுவும் கிடையாது. குழைய வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொஞ்சம் விட்டு மசித்து, ஆறிய பிறகு புளிக்காத தயிர் இரண்டு ஸ்பூன். தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, பாதி இறுகும்போது மைசூர்பாகுக்குக் கோடு போடுவதைப்போலக் கத்தியால் 24 வில்லையாகக் கீறிவிட வேண்டும். முழுக்க இறுகியதும் உடைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் நகம் பதியும். அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால் நாய் விழுங்கப் பார்க்காமல் தரையில் வைத்து நக்குகிறது. ஒரு வில்லைக்கு நல்ல நேரம் பிடிக்கிறது.

மொத்தத் தட்டும் 135 கலோரி. ஒரு வில்லை ஆறுக்குள். அதாவது பெரியவர் கொடுக்கும் ஒரு பிஸ்கட்டுக்கு நாலு வில்லை ஈடு. இந்த ஒரு வரிதான் அந்த வீட்டில் எல்லோரையும் அசைத்தது. "நாலு கொடுக்கலாமா?" என்று பெரியவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

காய்த் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். சுரைக்காயில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், அதனால்தான் கலோரி இவ்வளவு குறைவு. ஆனால் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் வேகவைத்தாலும் போகாது, மனிதர்களையே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. இந்த வீட்டில் சுவை பார்ப்பது பாட்டி. பூசணி, பீர்க்கங்காய், வெள்ளரி எல்லாம் சரி. பீட்ரூட் கொஞ்சம் சேர்க்கலாம். அதைப் பற்றிப் பின்னால் ஒரு சங்கதி வருகிறது. கீரையை நான் சேர்க்கச் சொல்லவில்லை, சிறுநீர்க் கல்லுக்கு இடம் கொடுக்கும் ஆக்சலேட் என்ற உப்பு அதில் அதிகம். பச்சை உருளைக்கிழங்கு, அவகாடோ வேண்டாம். மக்காச்சோளக் கதிரின் தண்டு, மாங்கொட்டை இரண்டும் குடலில் போய் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை இழுத்துவிடும். சித்தூர் பக்கம் மே மாதம் எந்த வீட்டு வாசலிலும் மாங்கொட்டை கிடக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. கடையில் வாங்கும் வேர்க்கடலை வெண்ணெயைச் சேர்க்க நினைப்பவர்கள் லேபிளில் சைலிட்டால் இருக்கிறதா என்று பார்க்கட்டும். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் அந்த இனிப்பு நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

டப்பா

செய்முறையைவிட முக்கியமானது டப்பா. காலையில் மருமகள் ஒரு சின்ன டப்பாவில் பன்னிரண்டு வில்லை எண்ணி ஃப்ரீசர் கதவோரம் வைத்துவிடுவாள். பெரியவருக்குக் காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. பேத்திக்கு இரண்டு. தறிக்காரர்களுக்கு மூன்று, பாட்டிக்கு ஒன்று. டப்பா காலியானால் அன்றைய கொடுப்பினை முடிந்தது. பன்னிரண்டும் சேர்ந்து 70 கலோரிக்குக் கீழே, 90 வரம்புக்குள்.

உறைய வைப்பதால் கிடைத்த பெரிய லாபம் இந்த எண்ணிக்கைதான் என்பேன். மசித்த காயைக் கிண்ணத்தில் வைத்திருந்தால் ஆளுக்கொரு கரண்டி போட்டிருப்பார்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. வில்லை ஒன்று, இரண்டு என்று நிற்கிறது. குறைந்தால் தெரிகிறது. முதல் வாரத்தில் இரண்டு வில்லை கணக்கில் உதைத்தபோது பேத்தி விசாரணை வைத்து, தாத்தாவைப் பிடித்துவிட்டாள்.

ஃப்ரீசர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு தேவைப்பட்டது. குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். கரண்ட் போய் வில்லைகள் முழுக்க உருகி, யாரும் கவனிக்காமல் மறுபடி உறைந்தால் வடிவம் மாறிக் குழம்பிக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் கொட்டிவிடச் சொன்னேன். 500 கிராம் காய்தானே, பெரிய நஷ்டமில்லை.

வெயிலுக்கு இது என்ன செய்தது

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் வீட்டார் இதை வெயில் மருந்தாகத்தான் முதலில் பார்த்தார்கள்.

ஒரு வில்லை 22 கிராம். உறைநிலையிலிருந்து உருகி நாயின் உடல் சூட்டுக்கு வர அது சுமார் 3 கலோரி வெப்பத்தை இழுக்கும். நாயோ சும்மா படுத்திருந்தாலே மணிக்கு 40 கலோரி அளவுக்கு வெப்பம் உண்டாக்கிக்கொண்டிருக்கும். ஆக ஒரு வில்லை நாலைந்து நிமிடச் சூட்டை ஈடுகட்டும். அப்புறம் அதே வில்லை செரித்து ஐந்தரை கலோரி கொடுக்கும்! வாய்க்கு இதம், தண்ணீரும் கொஞ்சம் உள்ளே போகிறது, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெயிலுக்குச் செய்தது வேறு. பகலில் தறிக்கூடத்தை விட்டு வீட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். நடையைக் காலை ஆறு மணிக்கு முன்பும் இருட்டிய பிறகும் வைத்தார்கள். இரண்டு இடத்தில் தண்ணீர். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, பெரும்பாலும் இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். உடல் சூடு சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி, 41 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் தள்ளாடும், வாந்தி எடுக்கும், ஈறு செக்கச் சிவந்திருக்கும். அப்போது வாயில் ஐஸ் திணிப்பது தப்பு. தண்ணீர் ஊற்றி, விசிறி போட்டு, அப்படியே வண்டியில் ஏற்ற வேண்டும். சில்லென்று கொடுத்தால் நாய்க்கு வயிறு முறுக்கிச் செத்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதற்கு ஆதாரமில்லை. வயிறு முறுக்குவதற்கும் அவசர அவசரமாக நிறைய விழுங்குவதற்கும்தான் தொடர்பு.

கிருத்திகையன்று நுழைந்த சாம்பார்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுக்கும் வீடு அது. முந்தின நாள் உறவு முழுக்க வந்து இறங்கியது. அப்போது ராக்கியின் எடை 37. வைகாசியிலிருந்து வாரத்துக்கு ஏறக்குறைய முன்னூறு கிராம் வீதம் இறங்கிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு சதவீதம் என்பது பாதுகாப்பான வேகம், அதை ஒட்டித்தான் இருந்தது.

வந்தவர்களில் ஒரு அத்தை உதவி செய்யும் ஆர்வத்தில், டப்பா காலியாக இருப்பதைப் பார்த்து, மீந்த சாம்பாரை அந்த எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டார். "காய்தானே எல்லாம், முருங்கைக்காயைக்கூட எடுத்துட்டேன்" என்று பின்னால் சொன்னார். தறிக்காரர் ஒருவர் காலையில் ஆறு வில்லையைக் கொடுத்தும்விட்டார். மருமகள் மலையடிவாரத்திலிருந்து திரும்பி வந்து ஃப்ரீசரைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "சித்தப்பா, தட்டு முழுக்க சின்ன வெங்காயம்" என்று போனில் அழாத குறை.

சாம்பாரில் நாய்க்கு ஆகாதவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று வெங்காயம். அதில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் ரத்தத்தில் தெரியும்படியான மாற்றம் வரும் என்பது கணக்கு. 37 கிலோ நாய்க்குக் குறைந்தது 550 கிராம். ஆறு வில்லையில் தாராளமாகப் போட்டாலும் நூறு கிராமைத் தாண்டியிருக்காது. அதனால் அந்தப் பக்கம் எனக்குப் பயம் குறைவு.

இரண்டாவது புளி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணம் டார்ட்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். மறு ஆண்டே, புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றிய அறிக்கையும் வந்தது. புளியின் புளிப்பே அந்த அமிலம்தான். நம் ஊரில் நாய்க்கு ரசச் சாதமும் சாம்பார் சாதமும் போட்டு வளர்க்கிறோம். பெரும்பாலானவை நன்றாகத்தான் இருக்கின்றன. நீர்த்த சாம்பாரில் ஒரு நாய்க்குப் போகும் அளவு குறைவு என்பது காரணமாக இருக்கும். ஆனாலும் இதைக் கேள்விப்பட்ட பிறகு எனக்குப் புளியை அலட்சியமாக விட மனம் வரவில்லை. டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னேன்.

அவர் உடனே வரச் சொல்லி வாந்தி எடுக்க வைக்கும் மருந்து கொடுத்தார். இரண்டு நாள் கழித்துத் திருப்பதியில் ரத்தப் பரிசோதனை: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரி, சிவப்பணு அளவு சரி. வெங்காயத்தின் வேலை உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் காட்டும் என்பதால் ஒரு வாரம் ஈறின் நிறத்தையும் சிறுநீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். பீட்ரூட்டின் சங்கதி இங்கேதான். அந்த வாரத்து வில்லையில் பீட்ரூட் இருந்திருந்தால் சிறுநீர் சிவப்பாகப் போனாலும் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அன்றைக்கு நிறுத்திய பீட்ரூட்டை அப்புறம் சேர்க்கவே இல்லை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது, மிளகாயும் எண்ணெயும் செய்த வேலை. வேறொன்றும் ஆகவில்லை.

அத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்டதை ஊற்றத் தோன்றும்படி ஒரு வெறுந்தட்டு சமையலறையில் இருந்தால், ஆள் நிறைந்த வீட்டில் யாராவது ஊற்றத்தான் செய்வார்கள். இப்போது தட்டும் டப்பாவும் மஞ்சள் பெயிண்ட் பூசி, தமிழிலும் தெலுங்கிலும் "ராக்கி" என்று எழுதி, சமையலறைக்கு வெளியே ஆணியில் மாட்டியிருக்கிறது. மருமகள் மட்டும்தான் தட்டை எடுப்பது. ஊரில் இல்லாவிட்டால் அன்றைக்கு வில்லை கிடையாது, வேகவைத்த பீன்ஸ் மட்டும்.

மழைக்குப் பிறகு

ஐப்பசியில் மழை பிடித்ததும் பாட்டி, சில்லென்று கொடுத்தால் சளி பிடிக்கும் என்று நிறுத்தச் சொன்னார். குளிர்ந்த தீனியால் நாய்க்குச் சளி வராது என்று வாதாடுவதைவிட, வில்லையை உருக வைத்துத் தட்டில் போடச் சொன்னேன். ராக்கிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதே வேகத்தில் ஓடி வந்தது, அதே பார்வை. நக்கும் நேரம்தான் குறைந்தது. உறைந்த தின்பண்டம் என்று நாம் சொல்வதில் உறைவது நாய்க்கு முக்கியமே இல்லை என்பதை இந்த மழைக்காலம் காட்டியது. டப்பாவில் எண்ணி வைப்பது மட்டும் நிற்கவில்லை.

இந்த எடை இறக்கம் முழுவதையும் வில்லையின் கணக்கில் எழுத முடியாது. வேளைச் சாப்பாட்டையும் டாக்டர் குறைத்து அளந்து கொடுத்திருந்தார், காலை நடை அரை மணி நேரமானது. பிஸ்கட்டும் பன்னும் போனதே பெரிய பங்கு என்பது என் கணிப்பு. சிறுநீர்க் கல், சர்க்கரை, கணைய அழற்சி இருக்கும் நாய்களுக்கும் குட்டிகளுக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காயின் வகையும் அளவும் டாக்டர் சொல்ல வேண்டியவை.

தீபாவளிக்கு முன் ராக்கி 34 கிலோ. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, மாடிப்படி ஏறுகிறது. அதன் பிறகு இறக்கம் நின்றுவிட்டது. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் டப்பாக் கணக்கு சரியாக இருக்கிறது. தறிக்கூடத்தில் விசாரித்ததில், போனஸோடு வந்த மிக்சர் பொட்டலங்களைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து தறிக்கூடத்துக்குத் தனி டப்பா வைக்கப் போகிறார்கள், மொத்தம் அதே பன்னிரண்டுதான்.